சூட்டை மோப்பம் பிடிக்கும் ஏவுகணை: நண்பனா, பகைவனா என்று அதற்குத் தெரியாது!

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு ஜெட் விமானச் சத்தம் புதிதல்ல. முருகேஷ்பாளையம், விமானபுரம், மாரத்தஹள்ளி பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டில் விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். அப்படிப் பழகிப்போன சத்தம் அது.

1996-ம் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எலகங்கா விமானப்படைத் தளத்தில் பெரிய விமானக் கண்காட்சி நடந்து வருகிறது. பிள்ளை குட்டிகளுடன் சாப்பாட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் பலர். அங்கே நிற்கும் சுகோய் விமானத்தின் இறக்கை நுனியையும், தேஜஸ் விமானத்தின் இறக்கைக்கு அடிப்பக்கத்தையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு பொருள் நினைவிருக்கலாம். வெள்ளை வர்ணம் பூசிய மெல்லிய தடி. குறுக்கே ஒரு சாண்கூட இல்லை. நீளம் ஆள் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். முன்னாலும் பின்னாலும் சின்னச் சின்ன துடுப்புகள். மூக்கு நுனியில் மட்டும் ஒரு கண்ணாடிக் குமிழ்.

கண்காட்சியில் தொங்குபவை பெரும்பாலும் வெடிமருந்து இல்லாத மாதிரிகள். உண்மையானது ஏறக்குறைய ஒரு மூட்டை அரிசியின் எடை இருக்கும். அது இறக்கையை விட்டுக் கிளம்பினால் சில விநாடிகளில், பல கோடி ரூபாய் விமானம் ஒன்று நெருப்புப் பந்தாகிவிடும்.

அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் அதன் கண். அது பார்ப்பது விமானத்தை அல்ல. விமானத்தின் சூட்டை!

பாம்பின் பெயர்

இந்த வகை ஆயுதத்தின் கதை அமெரிக்காவில், கலிபோர்னியா பாலைவனத்தில் தொடங்குகிறது. அங்கே சைனா லேக் என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுதச் சோதனை நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அங்கு வேலை பார்த்த வில்லியம் மக்லீன் என்ற பௌதிக விஞ்ஞானிக்கு ஒரு யோசனை பிறந்தது.

அப்போது உலகம் முழுவதும் ராடார் பைத்தியம் பிடித்திருந்தது. ராடாரால் வழிகாட்டப்படும் ஏவுகணைகளுக்குப் பணம் தண்ணீராகச் செலவழிந்தது. மக்லீன் வேறு மாதிரி நினைத்தார். ஜெட் எஞ்சினின் வாலில்தான் அடுப்பு எரிகிறதே! அந்தச் சூட்டையே ஏன் வழிகாட்டியாகக் கொள்ளக்கூடாது? கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை உணரும் பொருள் ஏற்கெனவே இருந்தது. காரீயமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப் பொருள்தான் அது.

மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. தனியாக நிதி ஒதுக்கீடும் இல்லை. வேறு வேலைகளுக்கு வந்த பணத்தில் மிச்சம் பிடித்து, ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் ஓசைப்படாமல் வேலை நடந்தது. சர்க்கார் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1951-ல்தான் அது முறைப்படி ஒரு திட்டமாக ஏற்கப்பட்டது. 1953 செப்டம்பர் 11-ந் தேதி, ஆளில்லாமல் பறந்த ஒரு விமானத்தை அது முதன்முறையாக வெற்றிகரமாகத் தாக்கியது. 1956-ல் படையில் சேர்ந்தது.

அதற்கு வைத்த பெயர் 'சைடுவைண்டர்'. அந்தப் பாலைவனத்தில் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து ஓடும் கிலுகிலுப்பை விரியன் ஒன்று உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே அதற்கு ஒரு குழி. அந்தக் குழியால் இரையின் உடற்சூட்டை உணர்ந்து இருட்டிலும் கொத்தும். பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்!

மின்விசிறியும் பல்பும்

அது எப்படி வேலை செய்கிறது? விஷயம் அப்படியொன்றும் புரியாதது அல்ல.

மூக்குக் குமிழுக்குள் ஒரு சிறு கண்ணாடி சுழன்றுகொண்டே இருக்கும். அது எதிரே தெரியும் வெப்பத்தைத் திரட்டி உணரும் பொருளின்மீது பாய்ச்சும். நடுவே, சக்கர ஆரங்களைப்போல் கோடு போட்ட ஒரு சிறு வில்லை உண்டு. ஓடும் மின்விசிறிக்குப் பின்னால் எரியும் பல்பைப் பார்த்தால் எப்படி விட்டு விட்டுத் தெரிகிறதோ, அப்படி அந்த வெப்பம் துண்டு துண்டாக உள்ளே வரும். அந்தத் துடிப்பைக் கொண்டு சூடு வலப்பக்கமா, இடப்பக்கமா, மேலா, கீழா என்று கருவி கணக்கிட்டுக்கொள்ளும். துடுப்புகள் அதற்கேற்பத் திரும்பும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடுபவன், பெட்டியின் கதவு இப்போது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் குறிவைத்து ஓடினால் ரயில் அவனை விட்டுப் போய்விடும். கதவு வந்து சேரப்போகும் இடத்தைப் பார்த்து ஓடவேண்டும். ஏவுகணையும் அப்படியே. விமானம் இருக்கும் இடத்துக்கு அது போவதில்லை. போய்ச் சேரப்போகும் இடத்துக்குத்தான் போகிறது.

வால் துடுப்புகளின் ஓரத்தில் பல்சக்கரம்போல நான்கு சிறு சக்கரங்கள் வைத்தார்கள். காற்றே அவற்றை வேகமாகச் சுழற்றும். ஏவுகணை உருண்டு புரளாமல் அவை தடுத்துவிடும். இதற்கென்று தனி மோட்டாரோ, மின்சாரக் கருவியோ கிடையாது. மொத்தத்தில் ஒரு வீட்டு ரேடியோவில் இருக்கும் அளவு மின்சாமான்கள்தான் அதில் இருந்தன என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள்.

விமானிக்கு அது எப்படித் தெரியும்? காதில் மாட்டிய கருவியில் ஓர் உறுமல் கேட்கும். ஏவுகணையின் கண்ணில் சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். உறுமல் பலத்ததும் பொத்தானை அழுத்தவேண்டும். பிறகு விமானி ஒன்றும் செய்யவேண்டியதில்லை, செய்யவும் முடியாது. கூப்பிட்டால் அது திரும்பாது.

கடைசியில் சொன்னதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வெடிக்காத ஏவுகணை

1958 செப்டம்பர் 24-ந் தேதி. சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவே உள்ள கடலின்மேல் தைவானின் சேபர் விமானங்களும் சீனாவின் மிக்-17 விமானங்களும் மோதின. மிக்-17 அதிக உயரம் பறக்கும். சேபரின் இயந்திரத் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்தில் சாவகாசமாகப் போவது அவற்றின் வழக்கம். அன்று சேபர்களின் இறக்கையில் சைடுவைண்டர் இருந்தது சீன விமானிகளுக்குத் தெரியாது. வானில் ஒரு விமானம் மற்றொரு விமானத்தை வழிகாட்டும் ஏவுகணையால் வீழ்த்தியது அதுவே முதல் தடவை.

அந்தச் சண்டைகளில் ஒரு சைடுவைண்டர் வெடிக்காமல் ஒரு மிக்-17 விமானத்தின் உடம்பில் செருகிக்கொண்டு நின்றுவிட்டது, அதோடு அந்த விமானி பத்திரமாகத் தரை இறங்கிவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த ஏவுகணை மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. ரஷிய நிபுணர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். ஏவுகணைத் தொழில் கற்றுத்தரும் ஒரு சர்வகலாசாலைபோல அது தங்களுக்கு அமைந்தது என்று ரஷிய ஏவுகணை நிபுணர் ஒருவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அச்சு அசலாக அதைப்போலவே ரஷியா செய்த ஏவுகணையின் பெயர் கே-13. அதுதான் மிக்-21 விமானத்தோடு இந்தியாவுக்கும் வந்தது.

ரஷியர்களின் ஆசை அத்தோடு தீரவில்லை. 1967 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் நடந்ததைச் சினிமாவில் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பூட்டுத் தொழிலாளி, ஒரு கட்டிட நிபுணர், ஒரு போர் விமானி மூவரும் ரஷிய உளவுத் துறைக்காகச் சேர்ந்தார்கள். நாய்பர்க் என்ற விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து ஒரு முழு சைடுவைண்டரைத் தூக்கினார்கள். அதைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடுபாதை ஓரமாகவே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்! வெளியில் நின்றது ஒரு மெர்சிடிஸ் கார். ஏவுகணை அதற்குள் அடங்கவில்லை. பின்பக்கக் கண்ணாடியை உடைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்தைக் கம்பளத்தால் சுற்றினார்கள். வண்டிக்கு வெளியே சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டம். திருடர்கள் சட்டத்தை மதித்துச் சிவப்புத் துணியும் கட்டினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாகம் பாகமாகக் கழற்றி, பெட்டியில் அடைத்து, ஏற்றுமதிச் சரக்கு என்று எழுதி, சாதாரண விமானச் சரக்காகவே மாஸ்கோவுக்கு புக் செய்தார்கள். கட்டணம் 79 டாலர் 25 சென்ட்! பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் யாரும் இனிமேல் எந்தப் பெட்டியையும் சாதாரணமாகப் பார்க்கமாட்டார்கள். மூவரும் பின்னர் பிடிபட்டுச் சிறை சென்றார்கள்.

சூரியனை நோக்கி ஓடும்

இவ்வளவு கெட்டிக்கார ஆயுதம் என்றால் போரில் எல்லாம் அதுவே முடித்துவிட்டதா? இல்லை.

முதல் தலைமுறை ஏவுகணையின் கண், எஞ்சின் வாலின் கொதிப்பை மட்டும்தான் காணும். எனவே எதிரியின் முதுகுக்கு நேர் பின்னால் போய்ச் சேர்ந்தால்தான் பயன். எதிரி சும்மா இருப்பானா? வளைந்து திரும்புவான். வெயில் பட்டுப் பளபளக்கும் மேகத்தின் ஓரம், சூரியன், தரையின் சூடு எல்லாமே ஏவுகணையின் கண்ணுக்கு எஞ்சின்தான். சூரியன் இருக்கும் திசையில் எதிரி திரும்பினால் சில ஏவுகணைகள் சூரியனையே விரட்டிக்கொண்டு போய்விடும்.

வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் சுட்ட சைடுவைண்டர்களில் ஐந்தில் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. ஏவுகணை வந்துவிட்டது, இனி பீரங்கி எதற்கு என்று பேண்டம் விமானத்தை அவர்கள் பீரங்கி இல்லாமலேயே கட்டியிருந்தார்கள். கண்ணெதிரே எதிரி விமானம் இருக்கும். ஏவுகணைக்கு அது மிகவும் கிட்டே இருக்கும். சுட வேறு ஆயுதம் இருக்காது. பல விமானிகள் உயிரைக் கொடுத்த பிறகே அடுத்த ரகப் பேண்டமில் பீரங்கி உள்ளே வைத்துக் கட்டப்பட்டது. வான்போர் கற்றுக்கொடுக்க 1969-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு தனிப் பள்ளியே திறந்தது.

இதே பாடத்தை அதற்கு முன்பே நமது விமானப்படை படித்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1965-ம் ஆண்டு பாகிஸ்தான் போரின்போது சண்டிகரில் உருவான 28-வது ஸ்குவாட்ரனிடம் ஒரு சில மிக்-21 விமானங்கள்தான் இருந்தன. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் என்று நாடே பெருமைப்பட்டது. செப்டம்பர் 4-ந் தேதி விங் கமாண்டர் வோலன் தமது மிக்-21 விமானத்தில் ஒரு பாகிஸ்தான் சேபரைத் துரத்தினார். சேபர் தரையை ஒட்டித் தாழ்வாகப் பறந்தது. அவர் கே-13 ஏவுகணை ஒன்றை விட்டார். அது தரையில் மோதி வெடித்தது. இரண்டாவதையும் விட்டார். அதுவும் வீண். வைத்திருந்ததே இரண்டுதான். அந்த விமானத்தில் சுடுவதற்கு வேறு ஆயுதம் இல்லை. சேபரின் தலைக்கு மேலே சீறிப் பறந்து கடந்து போவதைத் தவிர அவரால் எதுவும் செய்ய இயலவில்லை.

அந்த வோலன் பின்னாளில் ஏர் மார்ஷலாகி, 1980-களில் இதே பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். எச்.ஏ.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம்மவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும்.

போர் முடிந்ததும் மிக்-21 விமானத்தின் வயிற்றடியில் பீரங்கிப் பெட்டி ஒன்றைக் கட்டுவதற்கு ஏற்பாடு நடந்தது. 23 மில்லிமீட்டர் பீரங்கி. 1971 போரில் அதற்குப் பலன் கிடைத்தது. டிசம்பர் 12-ந் தேதி கட்ச் வளைகுடாவின்மேல், ஜாம்நகரைத் தாக்க வந்த பாகிஸ்தானின் எப்-104 விமானத்தை ஒரு மிக்-21 அந்தப் பீரங்கியால்தான் சுட்டு வீழ்த்தியது. எப்-104 என்றால் அந்தக் காலத்தில் சாமானியமான விமானமல்ல. பாகிஸ்தான் பெரிதும் நம்பியிருந்த அமெரிக்க விமானம்.

அதே ஆண்டு நவம்பர் 22-ந் தேதி வங்காள எல்லையில் போய்ரா என்ற இடத்தில் நான்கு 'நாட்' விமானங்கள் பாகிஸ்தான் சேபர்களோடு மோதின. சிறிய நாட் விமானத்திடம் ஏவுகணையே கிடையாது. இரண்டு பீரங்கிகள் மட்டும். அன்று பாகிஸ்தான் விமானிகள் இருவர் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டார்கள். அந்த நாட் ரக விமானங்கள் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. அங்கே ஆணி அடித்த கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு.

தவறிப் புறப்பட்டது

ஏவுகணை குறி தவறுவது ஒரு ஆபத்து என்றால், குறி தவறாததும் ஒரு ஆபத்து.

1961 ஏப்ரல் 7-ந் தேதி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு சாதாரணப் பயிற்சி. பி-52 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானம் பறந்து வரும். எப்-100 போர் விமானங்கள் இரண்டு அதைத் தாக்குவதுபோலப் பாவனை செய்யவேண்டும். உண்மையான சைடுவைண்டர்கள் மாட்டியிருந்தன. ஆனால் சுடுவதற்கான மின் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது. விமானி காதில் உறுமல் கேட்டால் போதும், தாக்கியதாகக் கணக்கு.

பலமுறை வந்து போனார்கள். எந்த விபரீதமும் இல்லை. கடைசி முறை, விமானி எதையும் அழுத்தாமலே ஏவுகணை தானாகச் சீறிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவர் ரேடியோவில் அலறி எச்சரித்தார். ஆனால் எட்டு எஞ்சின்களின் சூடு எதிரே இருக்கும்போது அந்த ஏவுகணை வேறு எங்கே போகும்? இடது இறக்கையின் எஞ்சின் ஒன்றில் பாய்ந்தது. இறக்கையே ஒடிந்துபோயிற்று. விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் மூவர் இறந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? மின் இணைப்பு பிளக் ஒன்றில் கசிந்திருந்த ஈரம்! மழைக்காலத்தில் சுவிட்சைத் தொட்டு ஷாக் அடித்த அனுபவம் யாருக்கு இல்லை? அதே ஈரம்தான் அங்கே மூன்று உயிரைக் குடித்தது.

சொந்த நாட்டு விமானமா, எதிரி நாட்டு விமானமா என்று அந்த ஏவுகணையின் கண் பிரித்துப் பார்ப்பதில்லை. இறக்கையில் என்ன கொடி வரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உள்ளே இருப்பவன் யார் என்பதும் தெரியாது. சூடு இருந்தால் சரி. பாகுபாடு பார்க்கவேண்டியது பொத்தானின்மேல் விரலை வைத்திருக்கும் விமானியும், அவருக்கு ரேடியோவில் உத்தரவு கொடுப்பவரும்தான்.

இது ஏதோ அந்தக் காலத்து அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 பிப்ரவரி 27-ந் தேதி காஷ்மீரில் பட்காம் அருகே நமது விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேரும், தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் மாண்டார்கள். அதை வீழ்த்தியது நமது ஏவுகணையே, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அது தரையிலிருந்து விடப்பட்ட ஏவுகணை, விமானத்திலிருந்து அல்ல. ஆனால் எது நம்முடையது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்லச் சில விநாடி அவகாசம்கூட இருப்பதில்லை.

தலையைத் திருப்பினால் போதும்

காலப்போக்கில் ஏவுகணையின் கண் கூர்மையாகிவிட்டது. உணரும் பொருளை மாற்றினார்கள். அதை ஐஸ்போலக் குளிரவைத்தார்கள். கண் குளிர்ந்திருந்தால் சிறு சூடும் பளிச்சென்று தெரியும். அதனால் எஞ்சினின் வால் மட்டுமல்ல, வேகத்தில் காற்று உரசிச் சூடேறிய விமானத்தின் முகம்கூடத் தெரிந்தது. பின்னால் போய் நிற்கவேண்டிய அவசியம் தீர்ந்தது. 1982-ல் பாக்லாந்து தீவுச் சண்டையில் பிரிட்டனின் சீ ஹாரியர் விமானங்கள் இந்தப் புதிய சைடுவைண்டரால் அர்ஜென்டினாவின் விமானங்களில் பதினாறுக்குக் குறையாமல் வீழ்த்தின.

எதிர் உபாயமும் வந்தது. துரத்தப்படும் விமானம் மக்னீசியம் கலந்த தீப்பந்தங்களைக் கொட்டிக்கொண்டே போகும். எஞ்சினைவிட அதிகச் சூடு. ஏவுகணை அதை நம்பிப் போய்விடும். தீப்பந்தம் எது, எஞ்சின் எது என்று பிரித்தறியும் கண்ணைப் பிறகு செய்தார்கள். இந்தப் போட்டி முடிகிறபாடில்லை.

ரஷியா செய்த ஆர்-73 ஒரு பெரிய பாய்ச்சல். விமானியின் தலைக்கவசத்திலேயே குறிபார்க்கும் கருவி உண்டு. விமானத்தைத் திருப்பவேண்டாம். தலையைத் திருப்பி எதிரியைப் பார்த்தால் போதும். ஏவுகணையின் கண்ணும் அங்கே திரும்பும். துடுப்போடு எஞ்சின் புகையையும் வளைத்துவிடுவதால் வெடுக்கென்று திரும்பும். 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு, கிழக்கு ஜெர்மனி வைத்திருந்த மிக்-29 விமானங்களும் ஆர்-73 ஏவுகணைகளும் மேற்கு நாடுகளின் கைக்கு வந்தன. சோதித்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்று புரிந்தது. சைடுவைண்டரின் அடுத்த அவதாரம் அதன் பிறகுதான் பிறந்தது. குருவிடம் திருடிப் படித்த சிஷ்யன் குருவுக்கே பாடம் சொன்ன கதை!

இந்தியாவிடம் மிக்-29 விமானம் 1987-லேயே வந்துவிட்டது. மிராஜ் விமானத்தோடு பிரான்ஸ் நாட்டின் 'மேஜிக்' ஏவுகணை வந்தது. ஜாகுவார் விமானத்தில் மட்டும் இந்த ஏவுகணையை இறக்கைக்கு அடியில் அல்ல, மேலே மாட்டுவார்கள். பார்த்தவர்கள் தலைகீழாக மாட்டிவிட்டார்களோ என்று நினைப்பதுண்டு. அடியில் குண்டுகளுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நளியா முதல் சூலூர் வரை

1999 ஆகஸ்டு 10-ந் தேதி, கார்கில் சண்டை முடிந்த சூடு ஆறுமுன்னர், குஜராத்தில் கட்ச் எல்லையில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானம் ஒன்று வீழ்த்தப்பட்டது. நளியா தளத்திலிருந்து சென்ற மிக்-21 விட்ட ஆர்-60 என்ற ஏவுகணையே காரணம். ஆர்-60 சின்னஞ்சிறியது. எடை 45 கிலோகூட இல்லை. அட்லாண்டிக்கில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். எல்லை தாண்டி உள்ளே வந்தது என்றது இந்தியா. தாண்டவே இல்லை என்றது பாகிஸ்தான். சர்வதேச நீதிமன்றம்வரை போன வழக்கு, விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2000-ம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று.

2019 பிப்ரவரி 27. பட்காம் ஹெலிகாப்டர் விழுந்த அதே நாள். தமிழகத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பழைய மிக்-21 விமானத்தில் கிளம்பினார். ஆர்-73 ஏவுகணையால் அவர் ஒரு பாகிஸ்தான் எப்-16 விமானத்தை வீழ்த்தினார் என்பது இந்தியாவின் அறிவிப்பு. எந்த எப்-16 விமானத்தையும் இழக்கவில்லை என்பது பாகிஸ்தானின் மறுப்பு. அவரது விமானமும் வீழ்த்தப்பட்டு, பாராசூட்டில் குதித்து, பிடிபட்டு, மார்ச் 1-ந் தேதி இரவு வாகா எல்லை வழியாக அவர் நடந்து வந்தார். அன்று பெங்களூரிலும், பம்பாயிலும், டெல்லியிலும் டீக்கடை டெலிவிஷன் முன்னால் நின்ற தமிழர் கூட்டம் எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை.

சண்டிகரில் தொடங்கிய மிக்-21 சகாப்தம், 2025 செப்டம்பர் 26-ந் தேதி அதே சண்டிகரில் முடிந்தது. அறுபது ஆண்டுக்கும் மேலான சேவை.

அட்லாண்டிக்கை வீழ்த்திய மிக்-21 விமானம் விமானப்படையின் 45-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அந்த ஸ்குவாட்ரன் 2016 ஜூலை 1-ந் தேதி பெங்களூரில் மறுபடி உயிர் பெற்றது. இம்முறை அதன் கையில் பெங்களூரிலேயே உருவான தேஜஸ். இரண்டு ஆண்டுகளில் அது கோவை பக்கம் சூலூருக்குக் குடிபெயர்ந்தது. தேஜஸ் முதன்முதலாக ஆர்-73 ஏவுகணையைச் சுட்டுப் பார்த்தது 2007 அக்டோபர் 25-ந் தேதி, கோவா கடலுக்கு மேல். 2021 ஏப்ரலில் இஸ்ரேலின் பைதான்-5 ஏவுகணையையும் அதே கோவாவில் சுட்டுப் பார்த்தார்கள்.

விமானம் நம்முடையது. ராடார் வழிகாட்டும் 'அஸ்திரா' ஏவுகணையும் நம்முடையது. ஆனால் கிட்டத்துச் சண்டைக்கான இந்தச் சூடு தேடும் தடியை ரஷியா, இஸ்ரேல், பிரிட்டன் ஆகிய நாடுகளிடமிருந்துதான் வாங்கி வந்திருக்கிறோம். உத்தரவுக்குக் காத்திராமல் மிச்சப் பணத்தில் வேலையைத் தொடங்கிய அந்த மக்லீனைப்போல ஒருவர் நமது ஆராய்ச்சிக் கூடங்களில் இல்லாமலா இருப்பார்?

ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் ஆயுதப் பிரிவு ஊழியர் ஏணி வைத்து ஏறி, ஏவுகணையின் மூக்குக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்குவார். ஒவ்வொரு ஊசியிலும் சிவப்புப் பட்டி தொங்கும். எத்தனை ஊசி என்று எண்ணி விமானியிடம் காட்டுவார். விமானம் சுடாமல் திரும்பி வந்தால், எஞ்சின் அணையும் முன்பே ஓடிவந்து அதே ஊசிகளை அதே துளைகளில் செருகவேண்டும். பிறகு பிளக்குகளைப் பார்க்கவேண்டும். ஈரம் இருக்கிறதா என்று.